வீட்டை விற்று அணை கட்ட வேண்டாம்

கூடலூரைத் தாண்டி லோயர் கேம்ப்பில் இறங்கினால், குமுளி மலைச்சாலை ஏறத் தொடங்கும் முன்பே முல்லைப்பெரியாறு அணையைக் கட்டிய ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுவிக்கின் மணிமண்டபம் வந்துவிடும். 2013ல் திறந்தார்கள். ஜனவரி 15 அவர் பிறந்த நாள். தைப் பொங்கலை ஒட்டியே வரும். பாலார்பட்டியில் அன்று அவர் பெயரைச் சொல்லிப் பொங்கல் வைக்கிறார்கள். தேனி பேருந்து நிலையத்துக்கு அவர் பெயர். எங்கள் பக்கத்தில் சில வீடுகளில் சாமி படங்களின் வரிசையிலேயே அவர் படமும் மாட்டியிருக்கும். கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்த பிள்ளை பள்ளிக்கூடம் போகும் முன்பே கேட்டுவிடும் கதை ஒன்று உண்டு. பாதி கட்டிய அணையை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. துரைமார்கள் இனிக் காசில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். பென்னிகுவிக் சீமைக்குப் போய் வீடு வாசல், மனைவியின் நகை எல்லாவற்றையும் விற்றுக்கொண்டு வந்து அணையைக் கட்டி முடித்தார் என்பதுதான் அந்தக் கதை.

இரண்டு போகம் நெல் விளையும் மண்ணில் வளர்ந்தவன் நான். அந்த நன்றியில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் மில்லுக்கும், காற்றாலைக்கும், சென்னை பெங்களூர் ஐ.டி. கம்பெனிகளுக்கும் வேலைக்குப் போகும் எங்கள் பிள்ளைகள் இந்தக் கதையையும் பெட்டியில் வைத்துக்கொண்டுதான் பஸ் ஏறுகிறார்கள். மேலே இருப்பவர் சரியில்லையா, நாம் தூங்காமல் செய்து முடிப்போம். ஆள் தரவில்லையா, மூன்று பேர் வேலையை நாமே இழுப்போம். சாமான் வாங்கித் தரவில்லையா, கைக்காசைப் போடுவோம். கேட்டால், "வேலை நிக்கக்கூடாதுல்லண்ணே" என்பார்கள். மோசமான நிர்வாகத்தின் கீழ் ஒரு நல்ல தொழில்நுட்பக்காரர் உடைந்து போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அதனால் இந்த அத்தியாயத்தை அணையிலிருந்தே தொடங்குகிறேன்.

ஏட்டில் இருக்கும் அணை

முல்லைப்பெரியாறு அணை சென்னை அரசின் திட்டம். அரசின் அனுமதியோடு, அரசின் பணத்தில் எழுந்தது. கட்டுமானத்தில் உடனிருந்த பொறியாளர் ஏ.டி. மெக்கன்சி 1899ல் அந்தத் திட்டத்தின் வரலாற்றைத் தனி நூலாகவே எழுதி வைத்தார். அதற்கு முன்னும் பின்னும் உள்ள கடிதங்கள், மதிப்பீடுகள், ஒப்பந்தங்கள் எல்லாம் ஏட்டில் இருக்கின்றன. சொத்து விற்றதற்கு அவற்றில் சான்று இல்லை. அவற்றில் தெரியும் கதை சொத்து விற்ற கதையைவிட நீளமானது. வேலைக்குப் போகிறவருக்கு அதைவிடப் பயனுள்ளது.

1789லேயே ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்பப் பிள்ளை, மேற்கே ஓடும் ஆற்றைக் கிழக்கே திருப்ப முடியுமா என்று பார்த்துவர மலைக்கு ஆள் அனுப்பினார். முடியும் என்று தெரிந்தது. பணம் இல்லை. 1808ல் கேப்டன் ஜேம்ஸ் கால்டுவெல் வந்து ஆராய்ந்துவிட்டு, இது வெறும் கனவு, மேற்கொண்டு யோசிக்கவே வேண்டாம் என்று அறிக்கை கொடுத்தார். 1850ல் சின்னமுல்லையாற்றில் சிறிய அளவில் தொடங்கிய வேலை, கூலியாட்களுக்குக் காய்ச்சல் கண்டு, கூலித் தகராறும் சேர்ந்துகொள்ள, நின்றுபோனது. 1867ல் மேஜர் ரைவ்ஸ் மண் அணை ஒன்றுக்குத் திட்டம் கொடுத்தார். பிறகு வந்த பொறியாளர்கள் அதைத் திருத்தினார்கள். 1876ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் எல்லாவற்றையும் தள்ளிப்போட்டது. தண்ணீர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் எல்லோர் கண்ணிலும் காட்டியது. 1882ல் திட்டத்தையும் மதிப்பீட்டையும் புதிதாகத் தயாரிக்கும் பொறுப்பு பென்னிகுவிக்கிடம் வந்தது. 1884ல் ஒப்புதல். 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூருடன் 999 வருடக் குத்தகை: 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருடம் 5 ரூபாய். 1887ல் வேலை தொடங்கி 1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் திறந்து வைத்தார்.

பிரதானி ஆள் அனுப்பியதிலிருந்து எண்ணினால் நூற்றாறு வருடம். இந்த நூற்றாறு வருடத்தில் வேண்டாம் என்றவர்கள், காசில்லை என்றவர்கள், பிறகு பார்க்கலாம் என்றவர்கள் எத்தனை பேர்! ஒவ்வொருவரும் எழுதி வைத்துவிட்டுப் போனதால்தான் அடுத்தவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கவில்லை. ரைவ்ஸின் மண் அணை எழவே இல்லை. ஆனால் அவருடைய தாள்மீதுதான் அடுத்தவர் தாள் விழுந்தது.

கால்டுவெல்லைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். அவரை முட்டாள் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் பாறையைப் பிளக்க டைனமைட் வந்ததே 1867ல்தான். 1808ல் கையில் இருந்த கருவியை வைத்துக்கொண்டு முடியாது என்றவர் தன் தொழிலைத்தான் செய்தார். உங்கள் யோசனைக்கு இல்லை என்று சொல்லும் மேலதிகாரி எல்லோரும் மோசமானவர் இல்லை. காரணத்தைச் சொல்லி, தன் பெயரைப் போட்டு, எழுத்தில் இல்லை என்பவர் நல்ல மேலதிகாரி. நாளை காலம் மாறும்போது அந்தக் காரணத்தை எடுத்துக்காட்டி மறுபடி கேட்கலாம். இந்த அத்தியாயம் அவரைப் பற்றியது இல்லை.

என் கைக்காசு போன கதை

எனக்கு வேலையில் ஆறாவது வருடம். ஒரு ஆலையில் கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு. ஒரு பாய்லரில் வெப்பநிலை சென்சார் ஒன்று நாளுக்கு நாள் பொய் சொல்லத் தொடங்கியது. மாற்ற வேண்டும் என்று வாயால் சொன்னேன். மேலாளர் "பாத்துக்கலாம்பா" என்றார். கொள்முதல் தாள் அவர் மேசையில் ஐந்து வாரம் கிடந்தது. ஒருநாள் இரவு, என் சம்பளத்தில் வாங்கிய சென்சாரைப் பொருத்தி, விடியும்வரை நின்று சரிபார்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மனசுக்குள் ஒரு பெருமிதம். நானும் பள்ளத்தாக்கின் பிள்ளைதானே.

மூன்று மாதம் கழித்து மேலாளர் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிய கணக்கில், இருக்கிற பணத்திலேயே பராமரிப்பு நன்றாக நடக்கிறது என்று எழுதியிருந்தார். பொய் என்றும் சொல்ல முடியாது. சென்சார் ஓடிக்கொண்டிருந்தது, பாய்லர் ஒருநாளும் நிற்கவில்லை. அடுத்த வருடம் கருவிகளுக்கான ஒதுக்கீட்டைக் குறைத்தார்கள். எனக்குப் பின்னால் அந்த இடத்துக்கு வந்த தம்பி அந்தக் குறைந்த பணத்தில்தான் ஓட்ட வேண்டியிருந்தது. நான் போட்டது சில ஆயிரம் ரூபாய். அதனால் மறைந்தது ஒரு நிர்வாகத் தவறு. மேலே இருப்பவர் கண்ணில் அது பட்டிருக்க வேண்டும். படாமல் செய்தவன் நான்.

இதை எழுதும்போது இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. நிர்வாகத்தின் ஓட்டையை உங்கள் உடம்பால் அடைத்தால், ஓட்டை இருப்பதே யாருக்கும் தெரியாது. விடுமுறை நாளில் கூப்பிட்டால் வருகிறீர்கள் என்றால், விடுமுறை நாளுக்கு ஆள் வேண்டும் என்ற கணக்கு ஒருபோதும் மேலே போகாது. அப்ரைசலில் உங்கள் பெயருக்கு நேரே அது வரவும் வராது. போன வருடம் நீங்கள் செய்ததுதான் இந்த வருடத்தின் அளவுகோல் ஆகிவிடும்.

எல்.சி. வாங்கிவிட்டீர்களா?

மின்வாரியத்தில் வேலை பார்க்கும் சொந்தக்காரர் யாராவது உங்களுக்கு இருப்பார். அவரிடம் கேட்டுப் பாருங்கள். லைன் கிளியர் வாங்காமல் லைன்மேன் மின்கம்பம் ஏற மாட்டார். எல்.சி. என்பார்கள். எந்த லைன், யார் நிறுத்தினார், யார் பொறுப்பில், எத்தனை மணியிலிருந்து என்பதெல்லாம் பதிவாகும். வேலை முடிந்ததும் எல்.சி. திருப்பிக் கொடுத்த பிறகுதான் மின்சாரம் வரும். "ஏறுப்பா, நான் ஆஃப் பண்ணச் சொல்லிட்டேன்" என்று வாயால் சொன்னதை நம்பி ஏறியவர்கள் எத்தனையோ பேர் இறங்கவில்லை. எல்.சி. கேட்கும் லைன்மேனை யாரும் அதிகாரியை மதிக்காதவர் என்று சொல்வதில்லை. அது தொழிலின் முறை.

உங்கள் மேலாளரின் வாய்ச்சொல்லையும் அப்படியே நடத்துங்கள்.

மோசமான நிர்வாகத்தில் பல ரகம் உண்டு. மற்றவர் வேலையைத் தன் பெயரில் காட்டுகிறவர், நாலு பேர் முன்னால் திட்டுகிறவர், எதற்கும் முடிவு சொல்லாமல் இழுக்கிறவர். ஆனால் தொழில்நுட்ப வேலையில் அதிகம் பேரைச் சாய்ப்பது, காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும் வாயால் சொல்லிவிட்டு, தவறு வந்ததும் "நான் எப்பச் சொன்னேன்?" என்கிற ரகம். இவருக்கு மருந்து ஒன்றுதான். பேசிய அன்றே, பொழுது சாயும் முன், ஒரு மெயில். அலுவலக ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள். பொருள் இப்படி இருக்கட்டும்:

"சார், இன்று பதினொரு மணிக்குப் பேசியதை எனக்கு நினைவாக எழுதிக்கொள்கிறேன். ரிலீஸ் 20ஆம் தேதியிலிருந்து 14ஆம் தேதிக்கு வருகிறது. அதற்காக லோடு டெஸ்ட்டை அடுத்த ரிலீஸுக்குத் தள்ளச் சொன்னீர்கள். ஒரே நேரத்தில் நிறையப் பேர் உள்ளே வந்தால் சர்வர் தாங்குமா என்பது 14ஆம் தேதி நமக்குத் தெரிந்திருக்காது. நான் புரிந்துகொண்டதில் தவறு இருந்தால் நாளை பத்து மணிக்குள் சொல்லுங்கள். இல்லையென்றால் இதன்படி வேலையைத் தொடங்குகிறேன்."

இதில் குற்றச்சாட்டு இல்லை, குத்தல் இல்லை, மேலாளரின் மேலாளருக்கு நகலும் இல்லை. முதல் மெயிலிலேயே நகல் போட்டால் அது போர் முரசு. என்ன முடிவு, யார் எடுத்தது, அதற்கு விலை என்ன என்ற மூன்றும் இருந்தால் போதும். அந்த மூன்றாவதுதான் உயிர். பலரும் "செய்கிறேன்" என்று எழுதுவார்கள். எதை விட்டுவிட்டுச் செய்கிறேன் என்று எழுத மாட்டார்கள்.

சின்னமனூர்க்காரத் தம்பி ஒருவர் பெங்களூரில் இருக்கிறார். இந்த மெயிலை அனுப்பச் சொன்னபோது போனில் தயங்கினார்.

"அண்ணே, இப்பிடி எழுதுனா மேனேஜர் கோவிச்சுக்கிற மாட்டாராண்ணே?"

"ஒரு தடவை கோவிப்பாரு தம்பி. அப்புறம் உன்கிட்டப் பேசுறப்ப யோசிச்சுப் பேசுவாரு."

நாலாவது மெயிலிலிருந்து அவருடைய மேலாளரே "இதை மெயில்ல போட்டுரு" என்று சொல்லத் தொடங்கியதாகத் தம்பி சொன்னார். எல்லா இடத்திலும் இப்படி நடக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். சில மேலாளர்கள் மெயிலுக்குப் பதிலே போட மாட்டார்கள், போனில்தான் பேசுவார்கள். அப்போதும் உங்கள் மெயில் நிற்கும்.

இதோடு தனியாக ஒரு நோட்டு வையுங்கள். கடையில் நாற்பது ரூபாய்க்கு வாங்கும் கோடு போட்ட நோட்டு. தேதி, நேரம், யார் இருந்தார்கள், என்ன சொன்னார்கள், அவ்வளவுதான். உங்கள் கோபத்தை அதில் எழுத வேண்டாம். பின்னால் ஒருநாள் யாரிடமாவது காட்ட நேர்ந்தால், கோபம் இல்லாத நோட்டுக்குத்தான் மதிப்பு. இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: ஆதாரம் சேர்க்கிறேன் என்று கம்பெனி மெயிலையும் சோர்ஸ் கோடையும் வாடிக்கையாளர் தகவலையும் சொந்த மெயிலுக்கு அனுப்பாதீர்கள். நியாயம் உங்கள் பக்கம் இருந்தும், அந்த ஒரு காரணத்தால் வேலை போய்விடும்.

காய்ச்சல் மாதங்களைக் கணக்கில் சேருங்கள்

அணை கட்டியபோது பெரியாற்றில் வருடம் முழுக்க வேலை செய்ய முடியாது. மழைக்காலத்தில் ஆறு புரளும். தண்ணீரை ஒதுக்கப் போட்ட தற்காலிகத் தடுப்புகளை வெள்ளம் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டு போனது. வெயில் காலத்தில் மலைக்காய்ச்சல். நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் அந்தக் காட்டில் செத்துப்போனார்கள். அவர்களைப் புதைத்த கல்லறைகள் அணைக்குப் பக்கத்தில் இருக்கின்றன. அதனால் எட்டு வருடம் என்பது எட்டு வருட வேலை நாள் இல்லை. வெள்ளமும் காய்ச்சலும் விட்டு வைத்த மாதங்களைக் கூட்டினால் வருவதுதான் வேலை நாள்.

நமக்கும் காய்ச்சல் மாதங்கள் உண்டு. வேறொரு டீமின் ஒப்புதலுக்குக் காத்திருக்கும் நாட்கள், தீபாவளி வாரம், உடன் வேலை செய்பவரின் பிரசவ விடுப்பு, நடு இரவில் பழுதான சர்வருக்காக விழித்த பிறகு மந்தமாகப் போகும் அடுத்த நாள். எத்தனை நாளாகும் என்று மேலாளர் கேட்டதும் நாம் சொல்வது சுத்தமான வேலை நாளை மட்டும்தான். பத்து நாள் என்கிறோம். பதினெட்டு நாளாகிறது. பேச்சுத் தவறியவர் என்ற பெயர் நமக்கு வருகிறது. பாதித் தவறு நம்முடையது.

கேட்ட இடத்திலேயே பதில் சொல்லாமல், "நாளைக்கு எழுதித் தரேன் சார்" என்று நேரம் வாங்குங்கள். வேலையை ஒரு நாள், இரண்டு நாள் துண்டுகளாக உடைத்து எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இத்தனை, கூடியது இத்தனை என்று இரண்டு எண் போடுங்கள். எது சரியாக நடந்தால் குறைந்த எண் வரும் என்பதைப் பக்கத்திலேயே குறியுங்கள். அவர் குறைக்கச் சொல்வார். நாளைக் குறைக்காதீர்கள், துண்டைக் குறையுங்கள். "பத்து நாளில் முடியணுமா சார், இந்த ரெண்டு துண்டை எடுத்துரலாம், எது வேண்டாம்னு நீங்க சொல்லுங்க." முடிவு அவருடையது ஆகிவிடும். பணிவும் குறையாது.

நம் ஊர் விவசாயி யாரையும் கேளுங்கள். வழக்கமான நடவில், நாற்று விட்டால் இருபது, இருபத்தைந்து நாளாவது ஆக வேண்டும். பண்ணையார் அவசரப்படுகிறார் என்பதற்காக அந்த நாற்றைப் பத்தாம் நாளில் பிடுங்குபவர் எவரும் இல்லை. அவர் எதிர்த்துப் பேச மாட்டார். வயலுக்குக் கூட்டிப்போய்க் காட்டுவார்.

முகத்துக்கு நேரே பேசுவது

எழுத்து பாதி. மீதி பேச்சு. திட்டுகிற மேலாளரிடம், திட்டிய அன்று பேச வேண்டாம். அடுத்த நாளோ அதற்கு அடுத்த நாளோ, தனியாக, பதினைந்து நிமிடம் கேளுங்கள். ஒரே ஒரு சம்பவத்தை மட்டும் எடுங்கள். "நீங்க எப்பவுமே இப்பிடித்தான் சார்" என்றால் அது சண்டை. "செவ்வாய்க்கிழமை மீட்டிங்ல, கிளையன்ட் இருக்கும்போது என்னத் திட்டுனீங்க சார். தப்பு என்மேல இருந்தா தனியாக் கூப்பிட்டுச் சொல்லுங்க, திருத்திக்கிறேன். அவங்க முன்னாடி வேண்டாம்" என்றால் அது கோரிக்கை. கோரிக்கைக்கு ஆமாம் அல்லது இல்லை என்ற பதில் வரும். இரண்டில் எது வந்தாலும் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பது தெரிந்துவிடும். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மூத்தவரை எதிர்த்துப் பேசக்கூடாது என்ற வளர்ப்பு இருக்கிறது. நல்ல வளர்ப்பு, அதை விட வேண்டாம். கேட்பது எதிர்ப்பது ஆகாது.

எச்.ஆரிடம் போவதைப் பற்றி இருவகைத் தவறான நம்பிக்கை உண்டு. சிலர் அவர்களை நீதிபதி என்று நினைக்கிறார்கள். சிலர் அவர்களிடம் போவதே வீண் என்கிறார்கள். அவர்கள் கம்பெனியின் ஆட்கள். கம்பெனிக்குச் சட்டச் சிக்கல் வரும் என்று தெரிந்தால் வேகமாக நகர்வார்கள். உங்கள் மனவருத்தம் மட்டும் என்றால் மெதுவாகத்தான். அதனால் தேதியோடு போங்கள்.

சில விஷயங்களில் பொறுமை காட்டவே கூடாது. பெண்களுக்குப் பாலியல் தொல்லை என்றால், 2013ஆம் வருடச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு இருந்தாக வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். பாதுகாப்பு இல்லாத இயந்திரத்தில் வேலை செய்யச் சொன்னாலும், சோதனை செய்யாததைச் செய்ததாகக் கையெழுத்துப் போடச் சொன்னாலும், அங்கே மெயிலின் பணிவெல்லாம் வேண்டாம். முடியாது என்று எழுதுங்கள். கையெழுத்து உங்களுடையது, விசாரணைக்கு அழைக்கப்படுபவரும் நீங்கள்தான். ஐ.டி. ஊழியர்கள் சங்கம் வைக்கத் தடையில்லை என்று தமிழ்நாடு அரசு 2016ல் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஒருவராக நிற்க முடியாத இடத்தில் அதையும் நினைவில் வையுங்கள்.

உடம்பு சொல்வதையும் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு தேனியில் பஸ் ஏறும்போதே வயிற்றைப் பிசைகிறதா? தூக்கம் கெட்டு இரண்டு வாரம் ஆகிறதா? 14416 என்ற எண்ணில் டெலி மனஸ் சேவை இருக்கிறது. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். என் நண்பர் ஒருவரை நான் அந்த எண்ணைக் கூப்பிட வைத்தேன். அவர் முதலில் மறுத்தார். பிறகு நாற்பது நிமிடம் பேசினார்.

வெளியே வருவது

இருந்து திருத்த முடியாத இடங்கள் உண்டு. மேலே சொன்னபடி நாலைந்து மாதம் எழுதியும் பேசியும் பார்த்தாயிற்று, அதே மேலாளர் அப்படியே இருக்கிறார், அவருக்கு மேலே இருப்பவருக்கும் தெரியும், ஒன்றும் மாறவில்லை என்றால் உங்களுக்குத் தேவையான தகவல் கிடைத்துவிட்டது. கிளம்புங்கள். ஆனால் கோபத்தில் வேண்டாம். அணை முடிந்த பிறகு பென்னிகுவிக்கும் இந்த ஊரில் உட்கார்ந்துவிடவில்லை. இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் பொறியியல் கல்லூரிக்குத் தலைவராகப் போய்விட்டார்.

முதலில் காசு. வீட்டுச் செலவு, கல்விக் கடன் தவணை, ஊருக்கு அனுப்புவது எல்லாம் சேர்த்து ஆறு மாதத்துக்கானது கையில் இருக்கட்டும். திராட்சைத் தோட்டமோ ஏலக்காயோ இருக்கிற வீடு என்றால், விளைச்சல் வரும் என்று அதில் கணக்குப் போடாதீர்கள். போடி ஏலத்தில் விலை எங்கே நிற்கும் என்று அப்பாவுக்கே தெரியாது.

வேலையில் நாலரை வருடம் ஆனவரா? கிராஜுவிட்டியைப் பாருங்கள். நிரந்தரப் பணியாளருக்கு ஐந்து வருடம் தொடர்ச்சியான பணி வேண்டும்; காலவரையறை ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு விதி வேறு. கணக்கில் வரும் மாத ஊதியத்தை 26 ஆல் வகுத்து, 15 ஆல் பெருக்கி, வருடங்களால் பெருக்குங்கள். 40,000 ரூபாய் ஊதியத்தில் ஐந்து வருடம் என்றால் சுமார் 1,15,385 ரூபாய். சில மாதம் பல்லைக் கடிப்பதற்கு அந்தப் பணம் பெறுமா என்பதை உங்கள் உடல்நிலையை வைத்து முடிவு செய்யுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் பெறாது என்று முடிவு செய்தார். அவர் செய்தது சரி.

பி.எஃப். பணத்தை எடுக்காதீர்கள், யு.ஏ.என். எண் ஒன்றுதான், புதிய கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஐந்து வருடத் தொடர்ச்சி இல்லாமல் எடுத்தால் வரி பிடிக்கக்கூடும். பழைய கம்பெனி வெளியேறிய தேதியைப் போடாமல் இழுத்தடித்தால், கடைசிப் பங்களிப்பு வந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே இணையத்தில் பதியலாம். இது பலருக்குத் தெரியாமல் பழைய மேலாளரின் பின்னால் அலைகிறார்கள். நோட்டீஸ் பீரியடில் முழு வேலை செய்யுங்கள். உங்கள் பொறுப்பில் இருந்ததையெல்லாம் எழுதி ஒப்படையுங்கள். அடுத்து வருகிற பிள்ளை உங்கள் மேலாளரை ஒன்றும் செய்யவில்லை.

வீட்டில் சொல்வதுதான் பலருக்குக் கடினம். "அம்புட்டுப் பெரிய கம்பெனிய விட்டுட்டு வாரேங்கிறயேப்பா" என்று அப்பா கேட்பார். அவருக்கு அப்ரைசலும் தெரியாது, ரிலீஸும் தெரியாது. அவருக்குப் புரியும் மொழியில் சொல்லுங்கள். மடையில் தண்ணீர் திறப்பவர் முறைவைக்கிறபடி விடாமல், நாள்தோறும் மாற்றிக்கொண்டே இருந்தால் அந்த நிலத்தில் எத்தனை வருடம் பயிர் வைப்பார் என்று கேளுங்கள். என் அப்பாவிடம் நான் அப்படித்தான் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "சரி, கடனக் கட்டிட்டு வா" என்றார்.

புதிய இடத்தில் நேர்காணல் என்றால் அவர்கள் மட்டும் கேட்பதில்லை. உங்களுக்கு மேலாளராக வரப்போகிறவரோடு தனியாக அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள். இந்த இடத்தில் முன்பு இருந்தவர் ஏன் போனார்? போன வருடம் தேதி தவறிய வேலை ஒன்றைச் சொல்லுங்கள், அப்போது என்ன செய்தீர்கள்? நடு இரவில் பழுது வந்தால் யார் எழுவார், அடுத்த நாள் அவருக்கு விடுப்பு உண்டா? பதிலைவிட, கேள்வியைக் கேட்டதும் அவர் முகம் எப்படிப் போகிறது என்று பாருங்கள். தேதி தவறியதே இல்லை என்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். தவறியது, என் கணக்குத்தான் தப்பு என்று சொல்பவர் கிடைத்தால் சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் யோசிக்கலாம்.

எல்லாம் பேசி முடித்து, "நீங்க வந்துருங்க, லெட்டர் ரெண்டு நாள்ல வந்துரும்" என்று போனில் சொல்வார்கள். நல்ல குரலாகத்தான் இருக்கும். கையெழுத்திட்ட பணி நியமனக் கடிதம், சம்பளமும் சேரும் தேதியும் குறித்தது, கைக்கு வரும்வரை பழைய இடத்தில் ராஜினாமாக் கொடுக்காதீர்கள்.